கடல்கொண்ட ஊரும் கைகள் காத்த புதர்வெளியும்

ஊரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'டன்விச்' என்று வரும். ஊரார் வாயில் அது 'டன்னிச்'. நடுவில் இருந்த ஓர் எழுத்தை நாக்கு விழுங்கிவிட்டது. ஊரின் பெரும்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது.

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், சஃபோக் மாவட்டத்தில், வட கடலைப் பார்த்தபடி இருக்கிறது இந்தக் கிராமம். ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு விடுதி, சிறிய அருங்காட்சியகம், கடற்கரையோரம் மீனும் சிப்ஸும் விற்கும் ஒரு கடை. குடியிருப்பவர்கள் இருநூறு பேர்கூடத் தேற மாட்டார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இது இங்கிலாந்தின் முக்கியமான துறைமுகங்களில் ஒன்று. அந்தப் பழைய துறைமுகத்தின் கதையைத் தேடி இங்கே வருகிறவர்கள் உண்டு. ஊருக்குத் தெற்கே கடற்குன்றின் மேல் கோடையில் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும் ஹீத் நிலத்தையும், அதில் வாழும் உயிர்களையும் தேடி வருகிறவர்களும் உண்டு. நான் இரண்டுக்குமாகப் போனேன். இரண்டு நாள் தங்கித் திரும்பும்போது, இவை ஒரே கதையின் இரண்டு பாதிகள் என்று புரிந்திருந்தது.

ஜூலை மாதக் கடைசி வாரம். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறி, இப்ஸ்விச்சில் மாறி, டார்ஷம் என்ற சின்ன நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து டன்னிச்சுக்கு ஆறு மைல் போல இருக்கும். பேருந்தை நம்பிப் போகக்கூடிய இடம் இல்லை என்பதால் டாக்சிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். வழியில் வெஸ்டில்டன் என்ற அழகான கிராமம் வருகிறது. நடுவில் புல்திடல், ஓரத்தில் வாத்துகள் நீந்தும் குளம், கொஞ்சம் தள்ளி நாணல் வேய்ந்த கூரையோடு ஒரு பழைய தேவாலயம். அதைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைகிறது. காடு முடியும் இடத்தில் கடலின் வாசனை வந்துவிட்டது.

இல்லாத ஊரின் வரைபடம்

முதலில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஒரு வீட்டளவு கட்டடம்தான். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது, இடைக்காலத்தில் டன்னிச் எப்படி இருந்தது என்று காட்டும் மாதிரி வடிவம். தெருக்கள், தேவாலயங்கள், சந்தைத் திடல், துறைமுகத்தில் பாய்மரக் கப்பல்கள். ஊர் கடலில் போகப்போகக் கரை எங்கெங்கே பின்வாங்கியது என்ற கோடுகளையும் அங்கே பார்க்கலாம். இன்றைய கரைக்கோடு மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அதற்குக் கிழக்கே இருக்கும் அத்தனையும் தண்ணீர்.

1086இல் வில்லியம் மன்னர் நாடு முழுவதையும் அளந்து எழுதவைத்த டூம்ஸ்டே நிலக் கணக்கில் டன்னிச் இருக்கிறது. மூன்று தேவாலயங்கள் உள்ள ஊர். ஆண்டுக்கு 68,000 ஹெர்ரிங் மீன்கள் வரியாகக் கட்டிய ஊர். விளைநிலத்தில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்ற செய்தியும் அதே கணக்கில் பதிவாகியிருக்கிறது. ஊர் செழித்துக்கொண்டிருந்த காலத்திலேயே கடல் தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

1280களின் பிற்பகுதியில் அடுத்தடுத்து வந்த பெரும் புயல்கள் கரையோரத் தெருக்களை அள்ளிச் சென்றன. 1328ஆம் ஆண்டுப் புயல் செய்தது அதைவிடப் பெரிய கேடு. கூழாங்கற்களையும் மணலையும் கொண்டுவந்து கொட்டித் துறைமுக வாயையே அடைத்துவிட்டது. கடலுக்குப் போக வழியில்லாத ஆறு, வடக்கே வால்பர்ஸ்விக் பக்கம் வேறு வழி தேடிக்கொண்டது. கப்பல்களும் அங்கேயே போயின. வீடு இடிந்தால் கட்டிக்கொள்ளலாம்; பிழைப்பு போனால் ஊரில் யார் இருப்பார்கள்? ஆட்கள் வெளியேற வெளியேற, கரையைக் காக்கப் பணமும் இல்லை, கைகளும் இல்லை. 1677இல் கடல் சந்தைத் திடலை எட்டியது.

ஊர் போன பிறகும் ஊரின் உரிமை மட்டும் போகவில்லை. நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை டன்னிச்சுக்கு 1832 வரை இருந்தது. கடைசிக் காலத்தில் வாக்காளர்கள் முப்பத்துச் சொச்சம் பேர். பெரிய தொழில் நகரங்களுக்கே உறுப்பினர் இல்லாத காலம் அது. அந்த ஆண்டு வந்த சீர்திருத்தச் சட்டம்தான் இந்த அநியாயத்தை முடித்துவைத்தது.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்தவர்கள் நாம். கடல் ஓர் ஊரை எடுத்துக்கொள்வது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தனுஷ்கோடி ஒரே இரவில் போயிற்று. டன்னிச் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் போய்க்கொண்டே இருக்கிறது. தாத்தா ஞானஸ்நானம் பெற்ற தேவாலயத்தை அவர் பேரன் பார்க்க முடியாத ஊர் இது.

குன்றின் விளிம்பில்

கடற்கரைக்கு இறங்கினேன். மணல் குறைவு, காலடியில் எல்லாம் உருண்டைக் கூழாங்கற்கள். ஒவ்வோர் அலை பின்வாங்கும்போதும் அவை உருண்டு, பெரிய அண்டாவில் அரிசி கழுவுகிற மாதிரி ஒரு சத்தம் எழுகிறது. வலப்புறம் காவி நிறத்தில் குன்று செங்குத்தாக நிற்கிறது. அதில் பாறையே கிடையாது. கைவைத்தால் உதிரும் மணலும் சரளையும்தான். அலை அடிவாரத்தை அரிக்க, மேலே இருப்பது தானாகச் சரிகிறது. இதுதான் ஊர் போன விதம். இதில் மர்மம் ஏதும் இல்லை.

அந்த மணல் சுவரில் மேற்புறமாக வரிசை வரிசையாகப் பொந்துகள். தகைவிலான் இனத்தைச் சேர்ந்த சிறு பறவைகள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தன. மணலில் கை நீளத்துக்குச் சுரங்கம் தோண்டி அதன் முடிவில் கூடு வைப்பவை இவை. குன்று சரியச் சரியத்தான் இவற்றுக்குத் தோண்டச் செங்குத்தான புதுச் சுவர் கிடைக்கிறது. மனிதர்கள் வீடிழந்த அதே காரணத்தால் இந்தப் பறவைகளுக்கு ஆண்டுதோறும் வீடு கிடைக்கிறது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டன்னிச்சின் பழைய தேவாலயங்களில் கடைசியாக மிஞ்சியது 'ஆல் செயின்ட்ஸ்'. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கைவிடப்பட்ட அதை, குன்றின் விளிம்பில் தனியாக நிற்கும் நிலையில் ஓவியர் டர்னர் வரைந்திருக்கிறார். 1904இல் அதன் சுவர் சரியத் தொடங்கியது. 1919இல் கோபுரம் விழுந்தது. அதன்பின் நெடுங்காலம், குன்று சரியும்போதெல்லாம் அந்தத் தேவாலயக் கல்லறைத் தோட்டத்து எலும்புகள் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்குமாம். அந்தத் தேவாலயத்தின் தாங்குசுவர் ஒன்றை மட்டும் பிரித்துக்கொண்டுவந்து, ஊருக்குள் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் தேவாலய வளாகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதன் மேல் கைவைத்துப் பார்த்தேன். உடைத்த சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். பக்கத்திலேயே, இடைக்காலத்தில் தொழுநோயாளிகளுக்காக இருந்த மருத்துவ இல்லத்துச் சிற்றாலயத்தின் அரைவட்டச் சுவர் பாழாகி நிற்கிறது. தொழுநோயாளிகளை ஊருக்கு வெளியே மேற்கு ஓரத்தில் ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஒதுக்கப்பட்டவர்களின் கோயில் இன்றும் நிற்கிறது. ஒதுக்கியவர்களின் கோயில்கள் எல்லாம் கடலில்.

புயல் நாட்களில் நீருக்கடியிலிருந்து தேவாலய மணி கேட்கும் என்பது ஊர்க்கதை. கலங்கல் கடல் என்பதால் உள்ளே மூழ்கிப் பார்த்தாலும் கை நீளத்துக்கு மேல் கண் தெரியாது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டேவிட் சியர் குழுவினர் ஒலியலைக் கருவிகளால் கடலடியைத் துழாவி, மூழ்கிய நகரத்தின் விரிவான வரைபடத்தை 2013இல் வெளியிட்டார்கள். 3 முதல் 10 மீட்டர் ஆழத்தில் தேவாலயங்களின் இடிபாடுகள் கிடக்கின்றன. நகரம் நம் காலடியிலிருந்து அவ்வளவு பக்கத்தில்தான் இருக்கிறது.

குன்றின் மேலே ஏறினால் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம். முதலில் கட்டிய மடம் புயலில் சேதமானதால், 1290 வாக்கில் உள்ளே தள்ளி இங்கே மாற்றிக் கட்டினார்கள். 1538இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மடம் மூடப்பட்டது. சுற்றுமதிலும், மேற்குப் பக்கத்து வாயில்களும், கூரையற்ற கட்டடம் ஒன்றும் மிச்சம். உள்ளே புல்வெளி. உள்ளே தள்ளிக் கட்டிய மடத்தையும் கடல் தேடிக்கொண்டு வந்துவிட்டது: கிழக்குப் பக்கம் சிறிது தூரத்திலேயே விளிம்பு.

மதியச் சாப்பாடு 'தி ஷிப்' என்ற பழைய விடுதியில். அதன் தோட்டத்தில், கிளைகளை நாலாபுறமும் தரையோடு பரப்பி, வயதான அத்தி மரம் ஒன்று நிற்கிறது. இந்தக் குளிர் நாட்டில், உப்புக் காற்றில், அது காய்த்தும் இருந்தது.

ஹீத் என்றால் என்ன?

மடத்திலிருந்து தெற்கே மரங்களுக்கிடையே இரண்டு மைல் நடந்தால் டன்னிச் ஹீத். மரங்கள் முடிந்து வெளி திறந்த இடத்தில் நின்றுவிட்டேன். கண்ணுக்கெட்டிய வரை இடுப்புக்குக் கீழான புதர்கள், அவற்றின் மேல் ஊதாவும் இளஞ்சிவப்பும், இடையிடையே மஞ்சள் திட்டு. அதற்கப்பால் சாம்பல் நிறக் கடல்.

ஹீத் என்பது புல்வெளியும் இல்லை, காடும் இல்லை. சத்தற்ற, புளிப்பேறிய மணல் மண்ணில் குறும்புதர்கள் மட்டுமே வளரும் திறந்த வெளி. தமிழில் புதர்வெளி என்று சொல்லிக்கொள்ளலாம். அதன் தலைவி ஹெதர் செடி. இங்கே அதில் மூன்று வகை. மணி வடிவில் கருஞ்சிவப்பு கலந்த ஊதாப் பூ பூக்கும் வகை ஜூனிலேயே தொடங்கிவிடுகிறது. ஈரமான பள்ளங்களில் வெளிர் இளஞ்சிவப்புக் கொத்தாகப் பூப்பது இன்னொரு வகை. ஆகஸ்டில் வெளி முழுவதையும் நிறைப்பது லிங் என்ற சாதாரண ஹெதர். நான் போனபோது முதல் வகை உச்சத்தில் இருந்தது. லிங் அப்போதுதான் அரும்புவிட்டிருந்தது.

மஞ்சள் திட்டுகள் கார்ஸ் என்ற முட்புதர். இதில் இரண்டு வகை. ஒன்று வசந்தத்தில் பூத்துக் குலுங்கும். மற்றது ஜூலையில் தொடங்கி இலையுதிர் காலம் வரை பூக்கும். வசந்தப் பூவில் தப்பிய ஒன்றிரண்டு ஒரு கிளையில் இருந்தன. முள் படாமல் ஒன்றைப் பறித்துக் கசக்கி முகர்ந்தேன். தேங்காய் வாசனை! துருவிய பச்சைத் தேங்காயேதான். வட கடல் ஓரத்து மணல்மேட்டில், நம் சமையலறையைத் திறந்துவிட்டது போல இருந்தது.

இந்தக் காட்சியைப் பார்ப்பவர்களுக்கு இது மனிதர் கைபடாத இயற்கை என்றுதான் தோன்றும். உண்மை நேர்மாறானது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், கற்காலத்து உழவர்கள் இங்கிருந்த மரங்களை வெட்டினார்கள். மெல்லிய மணல் மண் சீக்கிரமே சத்திழந்தது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக ஊரார் இங்கே ஆடு மேய்த்தார்கள். கார்ஸ் முள்ளை வெட்டி ரொட்டி அடுப்பு எரித்தார்கள். பிராக்கன் என்ற பெரணியை அறுத்து மாட்டுக்குப் படுக்கை விரித்தார்கள். புல்கரணையைப் பெயர்த்து விறகாக்கினார்கள். முயல் வளர்த்தார்கள். நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கு போல, ஏழைக் குடும்பங்களுக்கு இதில் உரிமை இருந்தது. ஆட்டின் வாயும் அரிவாளும் மரக்கன்றுகளை எழவிடவில்லை. அதனால்தான் இது வெளியாகவே நின்றது. சஃபோக் கரையோரத்தில் இப்ஸ்விச் பக்கமிருந்து வடக்கே நீண்டுகிடந்த இந்த நிலப்பரப்புக்கு 'சாண்ட்லிங்ஸ்' என்று பெயர்.

பிறகு அது போகத் தொடங்கியது. மேய்ச்சல் லாபமில்லாமல் நின்றது. உரமும் பாசன வசதியும் வந்ததும் மணல் மண்ணையும் உழுது பயிர் வைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் மரத் தேவைக்காக அரசு வனத்துறை ஏக்கர் கணக்கில் ஊசியிலை மரங்களை நட்டது. டன்னிச் காடும் அப்படி வந்ததுதான். 1950களில் முயல்களுக்கு மிக்ஸோமடோசிஸ் நோய் பரவ, மிச்சமிருந்த மேய்ச்சலும் நின்றது. பிர்ச் மரக்கன்றுகள் கிளம்பின. 1800இல் இங்கிலாந்தில் இருந்த தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்று இல்லை. உலகத்திலுள்ள இவ்வகை நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டனில் இருக்கிறது என்பதால், இங்கே ஒரு ஏக்கர் போனாலும் உலகக் கணக்கில் அது இழப்பு.

டன்னிச் ஹீத்தின் இருநூறு ஏக்கர் சொச்சம் நிலத்தை 1968இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து முன்பு ஊரார் பிழைப்புக்காகச் செய்த வேலையை இவர்கள் நிலத்துக்காகச் செய்கிறார்கள். குன்றின் மேல் வெள்ளையடித்த கடலோரக் காவலர் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. 1820களில் கட்டியவை, இப்போது தேநீர்க் கூடம். அங்கே ஒரு வயதான பெண்மணியைச் சந்தித்தேன். பல ஆண்டுகளாகக் குளிர்காலத்தில் தன்னார்வலராக வந்து வேலை செய்கிறவர். "எல்லாரும் மரம் நடுகிறார்கள், நாங்கள் பிடுங்குகிறோம். வந்து பார்க்கிறவர்களுக்கு முதலில் இது புரியாது," என்றார். பழைய ஹெதரைப் பகுதி பகுதியாக வெட்டிவிடுவார்களாம். அப்போதுதான் கீழிருந்து புதுத் தளிர் வரும். சில இடங்களில் மேல்மண்ணையே சுரண்டி எடுப்பார்களாம். மண்ணில் சத்து சேர்ந்தால் புல் வந்து ஹெதரை மூடிவிடும். இந்த நிலத்தின் செல்வமே அதன் வறுமைதான் என்பதை அவர் பேச்சில் புரிந்துகொண்டேன்.

பத்து கிராம் உயிர்

அந்த வறுமையை நம்பி எத்தனை உயிர்கள்! கார்ஸ் புதரின் உச்சியில் ஒரு புதர்ச்சிட்டு உட்கார்ந்து, இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவது போல ஓயாமல் சத்தமிட்டது. பறவை பார்ப்பவர்கள் அதை விடமாட்டார்கள். அது எச்சரிக்கும் இடத்தில், அதன் பின்னாலேயே, அவர்கள் தேடும் பறவை பெரும்பாலும் இருக்கும். சற்று நேரத்தில் நீண்ட வாலைத் தூக்கிக்கொண்டு ஒன்று புதருக்கு மேல் எழுந்தது. முதுகு கரிய சாம்பல், மார்பு பழைய செங்கல் நிறம், கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். மூன்று நான்கு நொடி கரகரவென்று பாடிவிட்டு முள்ளுக்குள் இறங்கிவிட்டது. டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி.

எடை பத்து கிராம் இருந்தால் அதிகம். பூச்சியும் சிலந்தியும்தான் உணவு. அப்படிப்பட்ட பறவைகள் குளிருக்கு முன் தெற்கே பறந்துவிடுவது வழக்கம். இது போவதில்லை. கார்ஸ் முள்ளுக்குள் பனி நுழையாத இடத்தில் சிலந்தி தேடிக் குளிர்காலத்தைத் தள்ளுகிறது. 1962-63இன் கொடுங்குளிரில் பிரிட்டன் முழுவதிலும் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள்தான் தப்பின. இருந்த புதர்வெளிகளைக் காப்பாற்ற, குளிரும் கொஞ்சம் தணிய, 2006 கணக்கெடுப்பில் அவை மூவாயிரம் ஜோடிகளைத் தாண்டியிருந்தன. சஃபோக்கில் அடியோடு மறைந்திருந்த பறவை 1990களில் திரும்பி வந்து, இந்தப் புதர்களில் கூடு கட்டியது. புதர் இங்கே காத்திருந்தது. அதனால் பறவைக்குத் திரும்பி வர ஓர் இடம் இருந்தது.

மண் சரிந்த ஒரு மேட்டின் அடியில், மழை படாத நிழலில், புனல் வடிவில் சின்னச் சின்னக் குழிகளைப் பார்த்ததும் மண்டியிட்டுவிட்டேன். குழிநரி! கிராமத்தில் வளர்ந்த யாரும் வீட்டுத் திண்ணையோரம் இந்தக் குழிகளைக் கிளறாமல் பெரியவர்களானதில்லை. பிரிட்டனில் இது அபூர்வம். இந்தக் கரையோர மணல்பகுதியில் இவை நிலையாகப் பெருகியிருப்பது 1990களில்தான் தெரியவந்தது. ஓர் எறும்பு விளிம்பில் கால்வைத்தது. மணல் சரிந்தது. எறும்பு ஏற முயன்றது. அடியிலிருந்து இரண்டு முறை மணல் தெறித்து வந்து அதன் மேல் விழுந்தது. எறும்பு உருண்டு அடிக்குப் போனது. இரண்டு கொடுக்குகள் வெளியே வந்து பிடித்தன. பிறகு குழி அமைதியானது. தட்டான் போல இறக்கை முளைத்துப் பறக்கும்வரை, அந்தப் புழுவுக்கு உலகம் இந்த ஓர் அங்குல மணல்தான். அந்த ஒரு அங்குலத்தின் மேல் புல் மூடிவிட்டால் அதற்கு வாழ்வில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் போனபோது, பாதையோர ஹெதர் அடியில் ஒரு விரியன் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சாம்பல் உடல், முதுகு நெடுகக் கருப்பு வளைகோடு, ஆண். பிரிட்டனில் உள்ள ஒரே நச்சுப்பாம்பு. நான் நின்றதும் அது தலையைத் திருப்பியது. அவசரப்படாமல் புதருக்குள் போனது. குளிர் ரத்த உயிர்களுக்குச் சுடு மணலும் ஒளிந்துகொள்ளப் புதரும் அடுத்தடுத்து வேண்டும். இரண்டும் ஓரடிக்குள் கிடைக்கும் நிலம் இது.

இராப்பக்கியின் நேரம்

முதல் நாள் மாலையை நான் வேண்டுமென்றே இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். ஜூலைக் கடைசியில் இங்கே சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிறது. பாதையோரம் ஒரு மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்தேன். முதலில் பூவின் ஊதா போனது. பிறகு கடலுக்கும் வானத்துக்கும் இருந்த கோடு போனது. சுமார் ஒன்பதரைக்கு எங்கிருந்தோ அது தொடங்கியது.

பழைய தையல் இயந்திரத்தை நிறுத்தாமல் மிதித்தால் வரும் சத்தம். மூச்சு வாங்காமல் ஒரே சீராக ஓடுகிறது. திடீரென்று சுருதி ஒரு படி இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. பறவை தலையைத் திருப்பும்போது சத்தம் தூரமாவதும் நெருங்குவதுமாக இருப்பதால் அது எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதம் வந்து, கோடை முடிவதற்குள் திரும்பிப்போகும் இராப்பக்கி. சட்டென்று சத்தம் நின்றது. கைதட்டுவது போல இரண்டு மூன்று அடி. சிறகுகளை ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் ஓசை. என் தலைக்கு மேல், அந்துப்பூச்சி மாதிரி ஒலியே இல்லாமல், நீண்ட சிறகுகளோடு ஒரு நிழல் திரும்பியது. சிறகு நுனியிலும் வால் ஓரத்திலும் வெள்ளைப் பொட்டுகள் ஒரு கணம் தெரிந்தன. ஆண் பறவை.

இருட்டில் ஆடுகளைச் சுற்றிப் பறப்பதைப் பார்த்து, இது ஆட்டுப்பால் குடிக்கும் என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். அதன் அறிவியல் பெயரிலும் அந்தப் பழி ஒட்டிக்கொண்டது. அது தேடி வந்தது ஆட்டை மொய்க்கும் பூச்சிகளை. கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் இரண்டு முட்டை. அதன் மேல் காய்ந்த சருகு போலப் படுத்துக்கொள்ளும். கால் படும் தூரத்துக்கு ஆள் வரும்வரை எழாது. எழுந்துவிட்டால் முட்டை காக்கைக்கும் நரிக்கும் தெரிந்துவிடும். மார்ச் முதல் கோடை நடுவரை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பாதையை விட்டு விலகாமல் நடங்கள் என்று ஹீத் நிலங்களில் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

போருக்குப் பின் வந்த பறவை

இரண்டாம் நாள், ஹீத்தின் தெற்கு ஓரத்தில் இறங்கி மின்ஸ்மியருக்குப் போனேன். 1940இல் ஜெர்மானியப் படை இறங்கிவிடுமோ என்ற அச்சத்தில், இந்தக் கரையோர மேய்ச்சல் நிலங்களில் வேண்டுமென்றே தண்ணீரைத் தேக்கினார்கள். படை வரவில்லை. 1947இல் கோணமூக்கு உள்ளான் வந்தது. நூறு ஆண்டாக பிரிட்டனில் குஞ்சு பொரிப்பதையே நிறுத்தியிருந்த பறவை அது. அதே ஆண்டு ஆர்எஸ்பிபி என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் மின்ஸ்மியரைப் பொறுப்பேற்றது. கருப்பு வெள்ளையில் அந்தப் பறவைகள், மேல்நோக்கி வளைந்த மெல்லிய அலகை ஆழமற்ற நீரில் இடமும் வலமுமாக வீசிக்கொண்டு நடந்தன. இன்று அந்தச் சங்கத்தின் சின்னமே அதுதான். 1971இல் சேற்றுப் பருந்து இனம் ஒன்றின் கடைசி ஜோடி பிரிட்டன் முழுவதற்கும் இங்கேதான் கூடு கட்டியது. அன்று நாணலுக்கு மேல் நான் எண்ணியது ஐந்து.

மின்ஸ்மியரிலிருந்து தெற்கே பார்த்தால் சைஸ்வெல் அணுமின் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிகிறது. அதன் பக்கத்தில் இன்னொரு நிலையத்துக்கு 2022இல் அரசு அனுமதி தந்தது. பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அதே 2022 கோடையின் வறட்சியில் டன்னிச் ஹெதரில் பெரும்பகுதி காய்ந்துபோனது. நான் நடந்த பாதையிலும் சில இடங்களில் சாம்பல் நிறக் குச்சிகள் மட்டுமே நின்றன. காத்துவிட்டோம் என்று கைகழுவ முடியாத நிலம் இது.

ஊர்ப் பக்கம் நல்ல மாற்றமும் நடக்கிறது. அன்று ஊசியிலை நட்ட டன்னிச் காட்டில் இப்போது மட்டக்குதிரைகளை மேயவிட்டிருக்கிறார்கள். மரங்களை அகற்றிய இடங்களில் ஹெதர் திரும்பி வருகிறது. அதன் விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெளிச்சம் பட்டால் போதும்.

இங்கே இரண்டு இழப்புகளை அடுத்தடுத்துப் பார்த்தேன். கடல் எடுத்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. தடுக்க முயன்றவர்களும் தோற்றார்கள். புதர்வெளியை எடுத்தது கலப்பையும் மர நடவும் அக்கறையின்மையும். அது மனிதர் செய்தது. அதனால் மனிதர் நிறுத்த முடிந்தது. நிறுத்தியதும் பறவை வந்தது. எந்த இழப்பு நம் கையில் இல்லை, எந்த இழப்பு நம் கையில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க, டன்னிச்சைப் போல ஓர் இடம் எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்து போகிறவர்கள் லண்டனுக்கு ஒதுக்கும் நாட்களில் இரண்டை இதற்குக் கொடுங்கள். ஜூனோ ஜூலையோ போனால் இராப்பக்கியைக் கேட்கலாம். ஆகஸ்டில் போனால் ஊதாவை முழுதாகப் பார்க்கலாம். அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள், ஹீத்தைப் பிறகு. மாலையில் அவசரமாகத் திரும்பிவிடாதீர்கள், இருட்டும்வரை இருங்கள். பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். அங்கே தரையில் யாரோ படுத்திருக்கிறார்கள், இரண்டு முட்டைகளின் மேல்.